கேஷ் வேறு, காசு வேறு. நடுவில் இன்னொரு கேஷ்

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த வாட்ஸ்அப் தகவல் என் போனுக்கு வந்துவிடும். சித்தப்பா அனுப்புவார், பள்ளித் தோழன் அனுப்புவான், குடியிருப்போர் சங்கக் குழுவில் யாராவது போடுவார்கள். ஆங்கிலமே தமிழிலிருந்துதான் பிறந்தது என்று தொடங்கி, கீழே நீளமாக ஒரு பட்டியல். ஒன்று – ஒன். எட்டு – எய்ட். கொல் – கில். காசு – கேஷ். முடிவில், தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும் என்று ஒரு கட்டளை.

பட்டியலில் முக்கால்வாசி குப்பை. சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் அந்தக் கடைசி ஜோடி கொஞ்சம் விவகாரமானது. ‘காசிலிருந்துதான் கேஷ் வந்தது’ என்று அனுப்புகிறவர் சொல்வது தவறு. ‘இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை’ என்று கீழே பதில் போட்டு மடக்குகிறவர் சொல்வதும் தவறு. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு மட்டும் வேறு. ஒன்று ஐரோப்பியப் பணப்பெட்டி. மற்றது நம் காசு. கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறார்களே, அந்த கேஷ் பணப்பெட்டி வீட்டுப் பிள்ளை. நம் காசின் பிள்ளையான கேஷ் இன்றைக்குப் பழைய நாணயம் சேர்ப்பவர்கள் வாயில்தான் புழங்குகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். கொஞ்சம் சுற்றி வரலாம்.

## ஒரே ‘கேஸ்’, மூன்று பூர்வீகம்

வேறு வேறு இடத்தில் பிறந்த சொற்கள் எப்படி ஒரே உருவத்தில் வந்து நிற்கும்? நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது.

‘கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணுங்க.’ இது அடுப்படிக் குரல். ‘கேஸ் இன்னும் முடியல, வாய்தா வாய்தான்னு இழுக்கிறாங்க.’ இது கோர்ட் வாசல். ‘பந்திக்கு இருபது கேஸ் தண்ணி பாட்டில் சொல்லியிருக்கேன்.’ இது கல்யாண மண்டபம். மூன்றையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

அடுப்பு கேஸ், 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற வேதியியலாளர் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்துப் புதிதாகச் செய்த சொல். கோர்ட் கேஸ், லத்தீன் ‘காசுஸ்’ என்பதன் வழி வந்தது. விழுவது, நேர்வது என்று பொருள். (காசுஸ் என்றதும் இன்னொரு வாட்ஸ்அப் தகவல் கிளம்பிவிடக் கூடாது. அதற்கும் காசுக்கும் சம்பந்தமில்லை.) தண்ணீர் பாட்டில் கேஸ், லத்தீன் ‘கப்ஸா’ வழி வந்தது. கப்ஸா என்றால் பெட்டி. இந்தக் கப்ஸாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஆங்கிலத்திலேயே பின்னிரண்டும் ஒரே எழுத்தில்தான் இருக்கின்றன. அடுப்பு கேஸ் அங்கே வேறு ஒலி, வேறு எழுத்து. தமிழுக்கு வந்தபோது ‘க’ என்ற ஒரே எழுத்துக்குள் அதுவும் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்படி வேறு வேறு மூலத்திலிருந்து வந்து ஒரே ஒலியில் நிற்பவற்றை ஒப்பொலிச் சொற்கள் என்று சொல்லலாம்.

நாளைக்கு ஒருவர் உட்கார்ந்து, ‘கோர்ட் வழக்கும் காற்றுப்போலக் கையில் பிடிபடாது, அதனால்தான் இரண்டுக்கும் கேஸ் என்று பெயர்’ என்று ஒரு விளக்கம் எழுதினால்? கேட்க அழகாகத்தான் இருக்கும். நாலு பேர் நம்பவும் செய்வார்கள். ஒலி ஒத்துப்போவதை வைத்துக் கதை கட்டும் இந்த வழக்கத்துக்கு நாட்டார் சொற்பிறப்பு என்று பெயர். சொல் எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது என்பதைச் சான்றோடு தேடும் துறைக்குப் பெயர் சொற்பிறப்பியல். இரண்டும் கேட்பது ஒரே கேள்விதான். ஒன்று பதிலைக் காதால் தேடுகிறது, மற்றது பழைய ஏடுகளில் தேடுகிறது.

## எட்டும் எய்ட்டும்

ஏட்டில் தேடுவது என்றால் என்ன என்று அந்தப் பட்டியலிலேயே ஒரு ஜோடியை எடுத்துப் பார்ப்போம். எட்டு – எய்ட். பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கிறது.

முதலில் தமிழ்ப் பக்கம். எட்டு பத்து சேர்ந்தால் எண்பது. எட்டு நூறு எண்ணூறு. எட்டுச் சாண் உடம்பு எண்சாண் உடம்பு. அப்படியானால் சொல்லின் பழைய உரு ‘எண்’. ‘ட்டு’ பிறகு வந்து ஒட்டியது.

இனி ஆங்கிலப் பக்கம். எய்ட் என்று எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து வேலையில்லாமல் நிற்கின்றன. ஒரு காலத்தில் அவற்றுக்கு வேலை இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘எஅஹ்த’ என்பதுபோல, தொண்டையிலிருந்து வரும் ஒரு ஒலியோடு சொல்லப்பட்டது. ஜெர்மனில் அது இன்றும் ‘அஹ்ட்’. லத்தீனிலும் கிரேக்கத்திலும் ‘ஆக்டோ’. எட்டுக்கால் ஆக்டோபஸுக்கும், பழைய ரோமானியர் கணக்கில் எட்டாவது மாதமாக இருந்த அக்டோபருக்கும் அதுதான் தாய்.

ஆக, ஒரு பக்கம் ‘எண்’, மறுபக்கம் ‘ஆக்டோ’. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவு இருந்தால் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும். ‘ஒன்’ கதையும் இதுதான். அதன் முன்னால் நாம் கேட்கும் ‘வ’ ஒலி பிற்காலத்து ஒட்டு. ‘அலோன்’, ‘ஒன்லி’ இரண்டும் அதே ஒன்னிலிருந்து பிறந்தவை. அவற்றில் அந்த ‘வ’ இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒலி ஒத்திருப்பது ஒரு துப்பு மட்டும், சாட்சி இல்லை. பழைய உருவம் என்ன, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது, பொருள் எப்படி நகர்ந்தது, எந்த வழியாகக் கைமாறியது, இவை நான்கும் ஒத்துவந்தால்தான் உறவு. இதே அளவுகோலைக் கேஷின் மேல் வைப்போம்.

## கல்லாவில் பிறந்த கேஷ்

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது. அங்கே ஸ்வைப் மெஷின் இருக்கிறது, க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனாலும் அண்ணாச்சி உட்காருவது பழைய மரக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால்தான். மூடியைத் தூக்கினால் உள்ளே வட்ட வட்டமாகக் குழி. ஒரு ரூபாய்க்கு ஒன்று, இரண்டு ரூபாய்க்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. நடுக்குழி பல வருடத் தேய்ப்பில் வழுவழுவென்று கிண்ணமாகியிருக்கிறது.

‘இன்னைக்குக் கல்லா எப்படி அண்ணாச்சி?’ என்று கேட்டால் அவர் பெட்டியின் நலத்தைச் சொல்ல மாட்டார். உள்ளே சேர்ந்த பணத்தைச் சொல்வார். ‘படம் நல்லா கல்லா கட்டிருச்சு’ என்றால் யாரும் பெட்டியைக் கயிற்றால் கட்டவில்லை. பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவந்திருக்கிறது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவது. பள்ளிக்கூடத்தில் ‘ஊர் சிரித்தது’ என்று படித்தோமே, அதே இடவாகுபெயர்.

கேஷ் பிறந்த விதமும் இதுதான், எழுத்துக்கு எழுத்து.

லத்தீனில் ‘கப்ஸா’, பெட்டி. ‘பிடி, கொள்’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. கொள்கலம் என்று நாம் சொல்கிறோமே, அந்த மாதிரி. கப்ஸா இத்தாலியனில் ‘காஸ்ஸா’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘கேஸ்’ என்பதுபோல ஒலிக்கும் ஒரு உருவம் எடுத்தது. அன்றைய ஐரோப்பாவில் வங்கித் தொழிலும் கணக்கு எழுதுவதும் இத்தாலிய வணிகர்கள் கையில். வணிகர் வீட்டுப் பெட்டி என்றால் பணப்பெட்டிதானே. 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வருகிறது. வரும்போது அதற்கு இரண்டு பொருளும் இருந்தன: பணம் வைக்கும் பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் பணம். போகப் போகப் பெட்டி மறைந்து, பணம் மட்டும் மிஞ்சியது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, கேஷ் என்பதற்குப் பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லையே மூலமாகக் காட்டி, பெட்டியிலோ கையிலோ தயாராக இருக்கும் பணம் என்று விளக்குகிறது. நாம் ரொக்கம் என்போமே, அது.

இந்த ‘கையில் தயாராக’ என்ற குறிப்பு முக்கியம். சொத்து கேஷ் இல்லை. கடன் பாக்கி கேஷ் இல்லை. பெட்டியைத் திறந்தால் கைக்குக் கிடைப்பதுதான் கேஷ். பெட்டியில் பிறந்த பொருள் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்று எனக்குத் தோன்றும். கேஷியர் என்பவர் பெட்டிக்காரர். நம் ஊர் வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலே தெரியும்.

கப்ஸா குடும்பம் பெரியது. கேப்சூல் மாத்திரை, குட்டிப் பெட்டி என்று பொருள். பாட்டு கேட்ட கேசட், அதுவும் குட்டிப் பெட்டிதான், பிரெஞ்சு வழி. தண்ணீர் பாட்டில் கேஸ், சூட்கேஸின் பின்பாதி, இரண்டும் இதே வீடு. யாரும் எதிர்பாராத ஒரு பங்காளியும் உண்டு: லாரி பாடி கட்டுமுன் வெறும் சட்டமாக வருமே, அந்த சேசிஸ். பெட்டி, பெட்டிக்கான சட்டகம், பிறகு வண்டியின் சட்டகம் என்று நகர்ந்தது. கரூர், நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறையில் நிற்கும் சேசிஸுக்கும், அந்தப் பட்டறை முதலாளி எண்ணும் கேஷுக்கும் ஒரே பாட்டி.

உறவு இல்லாமல் ஒலி மட்டும் ஒத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ராணுவத்தில் ஓர் அதிகாரியை அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றே ஒரு வினைச்சொல் உண்டு. அது பெட்டிக்காரர் இல்லை. உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளுள்ள வேறு மூலம். போன் மெதுவாக ஓடினால் ‘கேஷ் கிளியர் பண்ணுங்க’ என்கிறார்களே, அது ஒளித்துவைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பணத்தையெல்லாம் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று என் அத்தை ஒரு முறை பயந்துபோனார்.

மறுபடி ஒரு வரியில்: நாம் தினமும் சொல்லும் கேஷ், கப்ஸா என்ற பெட்டி, பெட்டியிலிருந்து ஆகுபெயராகப் பணம். அதில் காசுக்கு இடமில்லை.

## காசு கப்பல் ஏறுகிறது

இனி நம் பக்கம். காசு தமிழில் மிகப் பழைய சொல். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. பொற்கொல்லன் புது நூலில் கோக்க நகத்தால் பிடித்திருக்கும் பொற்காசு மாதிரி இருக்கிறதாம். அங்கே காசு என்பது நகையில் கோக்கும் பொன்வட்டம். காசுமாலையில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று கேட்கிறார். வாசி என்றால் தரம் குறைந்த காசை மாற்றும்போது பிடிக்கும் வட்டம். அதாவது கமிஷன் பிடிக்காத நல்ல காசாகக் கொடு என்று சாமியிடமே கேட்கிறார். அங்கே காசு கடைத்தெருவில் செல்லும் நாணயம் ஆகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு கடனாகவும் முதலாகவும் வருகிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு ஈற்றுச்சீர் வாய்பாடே நாள், மலர், காசு, பிறப்பு. கவிதை முடியும் இடத்தில்கூடக் காசு.

வடமொழியில் ‘கர்ஷ’ என்று ஒரு நிறைப்பெயர் உண்டு. காசு அதிலிருந்து வந்தது என்பார் உண்டு, திராவிடச் சொல்லே என்பார் உண்டு. அந்தச் சண்டை நம் கதைக்குத் தேவையில்லை. ஐரோப்பியர் காதில் விழுந்தது ‘காசு’. நமக்கு அது போதும்.

1498இல் போர்ச்சுக்கீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கினார்கள். பிறகு கடற்கரை முழுக்கப் பரவினார்கள். எல்லா ஊர்ச் சந்தையிலும் சில்லறைக்குக் காசு என்று பெயர். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அவர்கள் மொழியில் ஏற்கெனவே ‘காய்ஷ’ என்று ஒரு சொல் இருந்தது. என்ன பொருள் என்று நினைக்கிறீர்கள்? பெட்டி! அதே கப்ஸாவின் போர்ச்சுக்கீசியப் பேத்தி.

அந்நியச் சொல்லைக் கேட்டால் அதைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துக்கொள்வது மனித இயல்பு. நம் ஆட்கள் ‘ஹாமில்டன்’ என்ற பெயரை ‘அம்பட்டன்’ ஆக்கி, பிறகு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சென்னையில் பாலத்துக்கு ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று பெயர் வைத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். போர்ச்சுக்கீசியர் செய்ததும் அந்த மாதிரிதான். காசு அவர்கள் ஏட்டில் ‘காய்ஷ’ ஆயிற்று. நாணயத்துக்கும் பெட்டிக்கும் ஒரே எழுத்து.

அவர்களோடு அந்தச் சொல் கிழக்கே கப்பல் ஏறியது. மலாய்த் தீவுகளிலும் சீனத்திலும் கண்ட சின்னச் செம்புக் காசுகளையெல்லாம் அவர்கள் காய்ஷ என்றே எழுதினார்கள். சீனக் காசு வட்டமாக இருக்கும், நடுவே சதுர ஓட்டை, அதில் கயிறு கோத்து ஆயிரம் ஆயிரமாகக் கட்டிவைப்பார்கள். சீனர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு. ஆங்கிலேயர் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பெயரை வாங்கி கேஷ் என்றார்கள். இன்றைக்கும் உலகத்தில் எந்த ஏலப் பட்டியலைத் திறந்தாலும் அந்த ஓட்டைக் காசுக்கு ‘சீன கேஷ்’ என்றுதான் போட்டிருக்கும். சீனர் வார்த்த நாணயம், போர்ச்சுக்கீசியர் வாய், ஆங்கில எழுத்து, உள்ளே இருப்பது தமிழ்ச் சொல். தஞ்சை வட்டாரத்தில் தாளிக்கோட்டை போன்ற ஊர்களில் இதே சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. காசு அங்கிருந்து இங்கே வந்தது. பெயர் இங்கிருந்து அங்கே போனது.

இதுதான் இரண்டாவது கேஷ். 1886இல் யூல், பர்னெல் இருவரும் தொகுத்து வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி, தமிழ்க் காசைத்தான் இதன் மூலமாகக் காட்டுகிறது. கொங்கணி உருவம் எதுவும் நடுவில் இருந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகமும் சேர்த்துவைக்கிறது. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. உறுதியாகப் பேசும் ஆட்களைவிட இப்படி ஓரத்தில் சந்தேகம் எழுதிவைக்கும் ஆட்களை நம்பலாம்.

## 1598: ஒரே ஊர், இரண்டு புத்தகம்

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. ‘சரி, இரண்டும் ஒரே காலத்தில்தானே ஆங்கிலத்துக்குள் வந்திருக்கின்றன? காசைக் கேட்டுத்தான் பெட்டிக்கும் அந்தப் பெயர் பரவியிருக்கக் கூடாதா?’

1598ஆம் ஆண்டு. லண்டனில் அந்த வருடம் இரண்டு புத்தகங்கள் அச்சாகின்றன.

ஒன்று, ஜான் ஃப்ளோரியோ என்பவர் தொகுத்த இத்தாலிய – ஆங்கில அகராதி. அதில் ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, வணிகரின் ‘கேஷ்’ என்று எழுதுகிறார். கேஷ் என்றால் லண்டன்காரருக்குப் புரியும், பணப்பெட்டி என்று எடுத்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு.

மற்றது, லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணி எழுதிய புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அவர் கோவாவில் பல ஆண்டு இருந்தவர், ஆசியக் கடல்களின் வணிகத்தை விவரமாக எழுதினார். ஜாவாப் பக்கம் புழங்கும் செம்புக் காசைப் பற்றிச் சொல்லும்போது, அதன் பெயர் ‘காய்ஷ’ என்று போர்ச்சுக்கீசிய எழுத்திலேயே எழுதுகிறார். ஹாலந்து நாட்டு ‘தொய்ட்’ அளவு இருக்கும், அதில் பாதித் தடிமன்கூட இல்லை, நடுவில் ஓட்டை, இருநூறோ ஆயிரமோ ஒரு கயிற்றில் கோத்துவைப்பார்கள் என்று விளக்குகிறார்.

ஒரே ஊர், ஒரே ஆண்டு. வீட்டுச் சொல்லாகிவிட்ட பணப்பெட்டி ஒரு புத்தகத்தில் கேஷ் என்று நிற்கிறது. கடல் கடந்த விநோதப் பொருளாக நம் காசு இன்னொரு புத்தகத்தில் வேறு எழுத்தில், ஓட்டை முதல் கயிறு வரை விளக்கம் தேவைப்படும் அளவுக்குப் புதிதாக நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது பட்டயமே கிடைக்கவில்லை. அது 1600 டிசம்பர் 31. மசூலிப்பட்டினத்தில் கம்பெனி கால்வைத்தது 1611. சென்னை 1639. காசு ஆங்கிலேயர் கையில் புழங்கத் தொடங்குமுன்பே லண்டன் வணிகர் கேஷ் வைத்திருந்தார்.

பொருளும் அதையே சொல்கிறது. பெட்டி என்ற சொல் பணம் என்று மாறும், அண்ணாச்சியின் கல்லாவில் பார்த்தோம். ஓட்டைச் செம்புக் காசு என்ற சொல், முன் சென்ற ஆண்டுகளுக்குத் திரும்பிப் போய் இத்தாலியப் பெட்டியாக மாறாது.

அந்த ‘தொய்ட்’ எங்கோ கேட்டமாதிரி இல்லை? டச்சுக்காரர்களின் சின்னச் செம்புக் காசு அது. அவர்கள் நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடி என்று கடை விரித்தபோது அந்தப் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. ‘கையில துட்டு இல்ல’ என்கிறோமே, அந்தத் துட்டு. காசு வெளியூர் போயிற்று, துட்டு உள்ளூர் வந்தது. இதைப் பட்டியலில் யாரும் போடுவதில்லை.

## இருபது கேஷ்

பிறகு கம்பெனி சென்னையில் நிலைத்ததும் காசு அதிகாரப்பூர்வமாகவே கேஷ் ஆயிற்று. 80 காசு ஒரு பணம் (அன்று அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஒரு வராகனுக்கு 3,360 காசு. கூட்டிக் கழிக்க இதைவிடத் தொல்லையான கணக்கை யாரும் யோசித்திருக்க முடியாது. 1818இல் வெள்ளி ரூபாய்க் கணக்கு வந்து இதை ஓரங்கட்டியது. திருவிதாங்கூரில் மட்டும் தனிக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்த அரசு 20ஆம் நூற்றாண்டின் நடுவரை, ஆங்கிலத்தில் ‘ஒரு கேஷ்’ என்று பொறித்த செப்புக் காசை அடித்துக்கொண்டிருந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் வீட்டு மரப்பெட்டியில் இன்னும் கிடக்கும், புளியங்கொட்டை அளவுதான்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் இல்லை, கம்பெனிக் காசு. ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம், கறுத்த செம்பு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம், கீழே 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து இரண்டு மூன்று வரி, அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் கேஷ். விற்றவர் ‘இது கப்பல் காசு சார்’ என்றார்.

கப்பல் காசு என்றால் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றிய காசு. பர்மிங்ஹாம் பக்கம் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி எந்திரத்தில் அடித்த செப்புக் காசுகள் சென்னைக்குப் புறப்பட்டன. 1809 ஜனவரியில், கென்ட் கரைக்கு எதிரே உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கிக் கப்பல் மூழ்கியது. சுமார் 48 டன் காசு கடலடியில் போயிற்று. 1980களில் மூழ்காளர்கள் லட்சக்கணக்கில் எடுத்தார்கள். மணலில் கிடந்ததால் பல காசு அச்சுப் பதிவு தேயாமல் இருக்கும். ஒரு கடையிலும் செலவழியாத காசு அல்லவா.

பாரசீக வரியைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’ என்று படித்தார். இருபது காஸ், நான்கு ஃபலூஸ் (அதுவும் செப்புக் காசுதான்) ஆகும். மேலே காஸ், கீழே கேஷ். ஆங்கிலேயர் எழுத்தில் பெட்டிச் சொல்லின் சாயல் ஏறியிருக்கிறது, பாரசீக எழுத்தில் நம் காசு அப்படியே இருக்கிறது. காசுதான் கேஷ் என்று ஒரே நாணயத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்த வாட்ஸ்அப் தகவல் சரி.

அந்தக் காசைப் பர்ஸிலேயே சில நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அண்ணாச்சி கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிவிட்டு, விளையாட்டாக அதை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், கல்லாவின் மூடியைத் தூக்கி நடுக்குழியில் போட்டு அளவு பார்த்தார். குழிக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு வினாடி அது அங்கே இருந்தது. பிறகு எடுத்து என் கையில் வைத்து, ‘ஜிபே பண்ணிருங்க தம்பி’ என்றார்.